லாத்தாவின் கையில் சோழிகள்

ஆறு முகங்களை வரிசையாக வரைந்த ஓர் அட்டை. முதல் முகம் வாய் கொள்ளாமல் சிரிக்கும். அடுத்தடுத்த முகங்களில் சிரிப்பு கொஞ்சங் கொஞ்சமாக வற்றி, கடைசி முகம் கண்ணீர் விட்டு அழும். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே துளையிட்டு, கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் கட்டில் கட்டிலாக நான் சுற்றிய காலம் ஒன்று உண்டு. "இப்ப எவ்வளவு வலிக்குது கண்ணு? எந்த முகம் மாதிரி இருக்கு, தொட்டுக் காட்டு பாப்போம்." இதுதான் என் வேலை. பிள்ளை எந்த முகத்தைத் தொடுகிறதோ அதற்குரிய எண்ணைக் குறித்துக்கொள்வேன். தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழில் கேட்பேன், மலாய்ப் பிள்ளைகளிடம் மலாயில். சாஆ என்ற ஊரில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "வலிக்குதான்னு கேக்கத்தான் உன்ன யூனிவர்சிட்டி வரைக்கும் அனுப்பினேனா?" என்பார். ஆமாம்பா, அதைக் கேட்கத்தான் இங்கே ஆளில்லை என்று நானும் வெடுக்கென்று சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டவர் லாத்தா. அவர் அறுவைச் சிகிச்சைகளில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். அதோடு பிள்ளைகளின் வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பத்து பாகாட் என்ற ஊரில் அவருடைய அத்தா, அதாவது அப்பா, சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் நான் வாய்க்கு வாய் டாக்டர், டாக்டர் என்று அழைத்ததைப் பொறுக்கமாட்டாமல், "அலமாக், காது வலிக்குது புள்ள! என் தங்கச்சிங்க கூப்புடற மாதிரி லாத்தான்னே கூப்புடேன்" என்றார். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். எனக்கு அக்கா இல்லை. அந்தச் சொல் சட்டென்று நாக்கில் ஒட்டிக்கொண்டது.

லாத்தாவுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பிள்ளையிடம் பேசும்போது நிற்கமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, பாஜு கூரோங் என்ற நீள மலாய் உடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்காருவார். கட்டிலில் இருக்கும் பிள்ளை அவரைக் குனிந்து பார்க்கவேண்டும். அடுத்தது, "ஒண்ணுமில்ல" என்ற சொல் அவர் காதில் விழக்கூடாது. நம் ஆட்களுக்கு அது இல்லாமல் வாயே திறக்காதே! பிள்ளை விழுந்து முட்டி பெயர்ந்திருக்கும், ரத்தம் வழியும், "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்போம். ஊசியைக் கண்டு பிள்ளை அலறும், "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்போம். லாத்தா அந்தத் தாய்மார்களைத் திட்டமாட்டார். பிள்ளையின் பக்கம் திரும்பி, "எறும்பு கடிச்சாலும் வலிக்கத்தானே செய்யும், இல்ல?" என்று நியாயம் கேட்பார். அழுதுகொண்டிருக்கும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, யாருடா இந்த அம்மா என்று அவரைப் பார்க்கும்.

அழுகிற பிள்ளைகளைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "அதுங்க சண்டை போட்டு மருந்து வாங்கிக்கும். செவத்தப் பாத்துக்கிட்டு சும்மா படுத்திருக்கே, அதுங்களத்தான் நான் புரிஞ்சிக்கணும்" என்பார். அதற்காகத்தான் அந்த ஆராய்ச்சி. சலவை அறைக்குப் பக்கத்தில், முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த ஜன்னல் இல்லாத அறை ஒன்றை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் மூன்று பேர். லாத்தா, நான், நான் கொண்டுவரும் எண்களைக் கணினியில் ஏற்றி ஆராயும் ஒரு சீன நண்பர். மதிய வேளைகளில் லாத்தா வீட்டிலிருந்து கொண்டுவரும் மீன் ஆணமும் (குழம்பை அவர் அப்படித்தான் சொல்வார்) சோறும் அந்த அறையையே மணக்க வைக்கும். நண்பர் காரம் தாங்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிடுவார், ஆனால் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த அறையின் சலவைத்தூள் வாசனையை எங்கேயாவது முகர்ந்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. வேலைக்குப் போகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் வேலைக்குப் போன நாட்கள் அவை.

ஒருநாள் அந்த நண்பர் தன் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு என்னைப் பார்த்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் வலி மிகக் குறைவாகத் தெரிகிறது என்றார். ஒரே மாதிரி காயம், ஒரே மாதிரி அறுவை. மற்ற பிள்ளைகள் அழுகிற முகத்தைத் தொடும் இடத்தில் நம் பிள்ளைகள் சிரிக்கிற முகத்தைத் தொடுகிறார்கள். எனக்கு வந்த பெருமையைக் கேட்கவேண்டுமா? "நம்ம பிள்ளைங்க லா! வைரம் பாஞ்ச கட்டை!" என்று மேசையைத் தட்டினேன். தோட்டத்தில் முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு நடக்கிற பரம்பரை என்றெல்லாம் அளந்தேன். லாத்தா மட்டும் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு, "இது எனக்குப் பிடிக்கல புள்ள" என்றார். ஏன் என்று கேட்டேன். "தெரியல. ஆனா பிடிக்கல" என்றார். நம் பிள்ளைகளைப் பெருமையாகச் சொன்னால் இவருக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். தெப்ராவ் பக்கம் அடுக்குமாடியில் குடியிருந்த குடும்பம். இரண்டாம் வகுப்புப் படிக்கிற சிறுமி. மீ நூடுல்ஸ் அவிப்பதற்காக அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்ச் சட்டி சரிந்து, தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் வெந்துபோயிருந்தது. அவளுடைய அம்மா ஒரு தொழிற்சாலையில் மின்னணுச் சாமான் பொருத்தும் வேலை செய்தார். ஷிப்ட் முடிந்து சீருடையோடு நேரே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவார். "எம் பிள்ள அழவே மாட்டா டாக்டர், ரொம்ப நல்ல பிள்ள" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்வார். அது உண்மைதான். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய ஆண்பிள்ளைகளே ஊரைக் கூட்டிவிடுவார்கள். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்ப்பாள். முடிந்ததும் நான் அட்டையை நீட்டுவேன். அவள் விரல் நேரே போய்ச் சிரிக்கிற முகத்தைத் தொடும்.

கட்டு மாற்றுவதற்கு முன்னால் அவளுக்கு வலியை அடக்கும் மருந்து கொடுத்து வந்தார்கள். அந்த மருந்து அவளைக் கிறங்கடித்தது. வாந்தி எடுத்தாள், சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிட்டால்தானே புண் ஆறும்? வார்டின் பெரிய டாக்டர் நாங்கள் எழுதிவைத்ததைப் பார்த்தார். வலியே இல்லை என்றுதான் பிள்ளை ஒவ்வொரு முறையும் காட்டியிருக்கிறது. அப்படியானால் நாளைக் காலையிலிருந்து அந்த மருந்து வேண்டாம், வெறுமனே கட்டு மாற்றலாம் என்று முடிவு செய்தார். அவர்மேல் தப்பில்லை, நாங்கள் கொடுத்த எண்ணை நம்பினார். அம்மாவும் போனில் சரி என்றார். பிள்ளையும் தலையாட்டினாள். லாத்தா மட்டும் வெள்ளை அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "வா, ஒரு தடவ பாத்துட்டு வருவோம்" என்றார்.

நாங்கள் போனபோது அவள் பள்ளிப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். லாத்தா வழக்கம்போல் தரையில் உட்கார்ந்து, "என்னம்மா எழுதற? எனக்குக் காட்டேன்" என்றார். அவள் பெருமையாகப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். சொல்வதெழுதுதலுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு முத்திரை. வட்டமாக ஒரு முகம், வாய் கொள்ளாத சிரிப்பு. அடுத்த பக்கத்திலும் அதே. அதற்கடுத்த பக்கத்திலும் அதே. நான் என் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் அப்போது அநேகமாக எல்லா ஆசிரியைகளும் அந்த ரப்பர் முத்திரையைத்தான் வைத்திருந்தார்கள். மற்றப் பள்ளிகளில் நட்சத்திரம் ஒட்டுவார்கள், நம் பள்ளிகளில் முகம் குத்துவார்கள். நன்றாகச் செய்தால் சிரிக்கிற முகம், தப்புச் செய்தால் அழுகிற முகம். நானே டியூஷன் சொல்லிக்கொடுத்த காலத்தில் கை வலிக்க வலிக்கக் குத்தியவள்!

லாத்தா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையிடமே, "நாங்க ஒரு அட்டை காட்டுவோமே, அதுல நீ ஏன் எப்பவும் இந்த முகத்தத் தொடற?" என்று கேட்டார்.

"நல்ல பிள்ளைக்குத்தானே டாக்டர் அது கிடைக்கும்?" என்றாள் அவள். எங்களுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி ஒரு பார்வை. "அழுவுற முகம் வாங்கினா அம்மா திட்டும்."

லாத்தா எழுந்துபோய், வார்டு மூலையில் விளையாட்டுச் சாமான்களோடு கிடந்த சோங்காக் பலகையிலிருந்து சோழிகளை அள்ளிக்கொண்டு வந்தார். நம் பல்லாங்குழிதான் இங்கே சோங்காக். சோழிகளைக் கட்டிலின்மேல் கொட்டிவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துக் குழியாக்கி நீட்டினார். "இதுல பரிசு கிடையாது. நல்ல பிள்ள கெட்ட பிள்ளயும் கிடையாது. கட்டு மாத்தும்போது உனக்கு எவ்வளவு வலி இருக்கோ, அவ்வளவு சோழிய என் கையில போடு. கொஞ்சமா இருந்தா கொஞ்சம். நெறைய இருந்தா நெறைய." அவள் முதலில் அம்மா வருகிறாரா என்று கதவைப் பார்த்தாள். அம்மாவின் ஷிப்ட் இன்னும் முடியவில்லை. பிறகு ஒரு சோழியை எடுத்து வைத்தாள். இன்னொன்று. அப்புறம் அவள் கை வேகமெடுத்துவிட்டது. இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டாள். லாத்தாவின் கை நிறைந்து, வழிந்து, சோழிகள் தரையில் விழுந்து உருண்டன. கட்டிலில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள், தலையணைக்கு அடியில் தேடினாள். பிறகு நிமிர்ந்து, மிகவும் சாதாரணமாக, "பத்தல டாக்டர்" என்றாள்.

நான் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து அழுதேன். லாத்தா அழவில்லை. கீழே விழுந்த சோழிகளைப் பிள்ளையோடு சேர்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் சுற்றுக்கு வந்தபோது கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. பயிற்சி மருத்துவர்கள், நாங்கள் மிஸ்ஸி என்று அழைக்கும் தாதிகள், பிள்ளையின் அம்மா. லாத்தா முந்திக்கொண்டு, இவளுக்கு மருந்தை நிறுத்தக்கூடாது, வாந்தி வராத வேறு மருந்தாக மாற்றிக் கொடுக்கவேண்டும் என்றார். பெரிய டாக்டருக்கு முகம் சுருங்கியது. உன் அட்டைதானே வலி இல்லை என்று சொன்னது, இப்போது சோழியை எடுத்துக்கொண்டு வந்து வேறு சொல்கிறாயே, நான் எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மனசுக்குள் லாத்தாவைக் கெஞ்சினேன். இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும். மருந்தும் கிடைக்கும், எங்கள் ஆராய்ச்சியும் பிழைத்துக்கொள்ளும். மூன்று பேரும் உயிரைக் கொடுத்துச் சேர்த்ததில்லையா அவ்வளவும்? அதை வைத்துத்தான் லாத்தாவுக்கு அடுத்த பதவி வரவேண்டியிருந்தது. லாத்தா எல்லார் முன்னாலும், "அட்டையை நம்பாதீங்க. நாங்க எழுதினது எல்லாமே தப்பு" என்றார்.

பெரிய டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியானால் இந்த அட்டையை நம்பி நான் மருந்தைக் குறைத்த மற்றப் பிள்ளைகளின் கதி என்ன என்று மெதுவாகக் கேட்டார். "அவங்களுக்கும் வலிச்சிருக்கும்" என்றார் லாத்தா.

அன்றைக்கு மருந்து மாறியது. கட்டும் கொஞ்ச நேரம் தள்ளித்தான் மாற்றினார்கள். மருந்து கொடுத்தும் ஓர் இடத்தில், முட்டிக்குப் பின்னால் துணி ஒட்டியிருந்த இடத்தில், அவளுக்குச் சுரீர் என்றிருக்கவேண்டும். முதல் தடவையாக அவள் வாய் திறந்தாள். "வலிக்குது! மெதுவா எடுங்க மிஸ்ஸி!" வார்டு முழுக்கக் கேட்டது. அம்மா பதறிப்போய், "சீ, வாய மூடு, டாக்டருங்க இருக்காங்க" என்று பிள்ளையின் வாயைப் பொத்தினார். லாத்தா அந்தக் கையைப் பிடித்து மெல்ல விலக்கினார். "விடுங்கம்மா. இத்தன நாளா நாங்க இவகிட்ட கேட்டதே இதத்தான்." அந்த அம்மா திகைத்துப்போய்ப் பார்த்தார். பிறகு பிள்ளையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, "சரி அழு, அழு" என்று சொல்லித் தானும் அழுதார். மிஸ்ஸி துணியை நனைத்து, மெதுவாக எடுத்தார்.

அதற்குப் பிறகு நான் லாத்தாவிடம் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆமாம், கோபம்தான். பிள்ளைக்கு நல்லது நடந்ததில் மகிழ்ச்சி. ஆனால் எங்கள் உழைப்பு மொத்தமும் குப்பைக்குப் போனதைத்தான் தாங்கமுடியவில்லை. மேலிடத்தில் லாத்தாவைக் கூப்பிட்டு என்னென்னவோ கேட்டார்கள். பதவி அவருக்கு அடுத்து வந்தவருக்குப் போனது. சீன நண்பர் மட்டும் ஒன்றும் பேசாமல் கணினியில் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். கடைசியில் லாத்தாவே மீன் ஆணத்தை என் பக்கம் நகர்த்தி, "கோவத்தோட சாப்பிட்டா செரிக்காது புள்ள. தின்னுட்டுத் திட்டு" என்றார். தின்றுவிட்டுத் திட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுவாரம் சோழிகளோடு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இப்போது அந்த வார்டு பழைய மாதிரி இல்லை. சுவரெல்லாம் மீன்களும் ஆமைகளும் நீந்துகின்றன, கட்டு மாற்றும் அறையில் பிள்ளைக்குப் படம் காட்டத் திரை இருக்கிறது, வலியைப் பற்றிக் கேட்பதற்கென்றே பயிற்சி பெற்ற மிஸ்ஸிகள் இருக்கிறார்கள். சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அறையை இடித்து மின்தூக்கி வைத்துவிட்டார்கள். நான் அதே மருத்துவமனையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன், தெப்ராவில் வீடு. லாத்தா ஓய்வு பெற்றுப் பத்து பாகாட்டுக்கே போய்விட்டார். போன மாதம் அங்கே அவருக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்தது என்று அவர் தங்கை போன் செய்தார். விடுமுறை போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

துடோங் முக்காட்டுக்கு வெளியே தெரிந்த முடியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் வாய் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியா? ஏன் இப்புடி ஊதிப்போய்ட்ட?" என்றார். பழைய கதைகளைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு மிஸ்ஸி உள்ளே வந்தார். சின்னப் பெண், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. காலையிலிருந்து உட்காரவில்லை போலிருக்கிறது, ஒரு காலைத் தூக்கி மறுகால் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள, வலி எவ்வளவு இருக்கு மாக்சிக்?" மலாயில் வயதான பெண்களை அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். லாத்தா பளிச்சென்று சிரித்தார். "ரெண்டு மா. ரெண்டுதான்." மிஸ்ஸியும் சிரித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

போர்வை விலகிய ஓரத்தில் லாத்தாவின் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். மேலுதட்டில் வேர்வை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பச்சப் பொய்! ரெண்டாம் ரெண்டு! ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துட்டு நீங்களே இப்படிப் பண்ணலாமா லாத்தா? வெக்கமா இல்ல?"

"கத்தாதடி" என்றார். "அந்தப் பொண்ணப் பாத்தியா? நிக்கவே முடியல அவளால. நான் பெருசா ஒண்ணு சொன்னா, மறுபடி டாக்டரத் தேடி ஓடணும். ரெண்டுன்னதும் மூஞ்சி எப்படி மலந்துச்சு பாத்தியா?"

சொல்லி முடித்தவருக்கு ஏதோ நினைவு வந்துவிட்டது. கண் என்மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பிறகு, "புள்ள" என்றார். "அந்தக் குட்டி சிரிக்கிற முகத்தத் தொடும்போதெல்லாம் நாம என்ன பண்ணுவோம்?"

எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. பிறகு வந்தது. சிரிப்போம். நானும் சிரிப்பேன், லாத்தாவும் சிரிப்பார். வலி இல்லையாம் என்று நிம்மதியாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம்.

"முத்திரைக்காக மட்டும் இல்லடி அவ அப்படிப் பண்ணினது" என்றார் லாத்தா. "நம்ம மூஞ்சி வாடக்கூடாதுன்னு பண்ணியிருக்கா. வெந்துபோன கால வச்சிக்கிட்டு, நம்மளப் பாத்துக்கிட்டிருந்திருக்கா. நான் அவ முகத்தத்தான் ஆராய்ச்சி பண்ணினேன். அவ எம் முகத்த ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தது எனக்குத் தெரியவே இல்ல."

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அன்றைக்கு வார்டில் அழாத அழுகையா, முட்டி வலியா, இரண்டுமா, எனக்குத் தெரியாது. நான் அவரைத் தேற்றவில்லை. எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், அந்த மிஸ்ஸியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன். "இவங்க சொன்னது பொய் மா, மன்னிச்சிக்க. எட்டுன்னு எழுதிக்க" என்றேன்.

மிஸ்ஸி லாத்தாவைப் பார்த்தார். லாத்தா இந்த முறை சிரிக்கவில்லை.

"ஒம்பது" என்றார்.